கொடுக்கும் நேரத்துக்கான கார்டும் தேடும் நேரத்துக்கான கார்டும்

ஒரு விசிட்டிங் கார்டு பெரும்பாலும் இரண்டு முறைதான் பார்க்கப்படுகிறது. கைக்கு வந்தவுடன் ஒரு முறை, பிறகு சில வாரங்களோ மாதங்களோ கழிந்து, "அன்றைக்கு ஒருவர் கொடுத்தாரே, எங்கே வைத்தேன்?" என்று மேசை இழுப்பறையைக் கிளறும்போது இன்னொரு முறை. முதல் முறை கார்டுக்கு உரியவர் எதிரிலேயே நிற்கிறார். பெயர் சரியாகப் படிக்க வரவில்லையென்றால் கேட்டுக்கொள்ளலாம், தொழில் விளங்கவில்லையென்றால் அவரே விளக்கிவிடுவார். இரண்டாம் முறை உதவிக்கு யாரும் இல்லை. அளவு, தாள், பூச்சு, எழுத்து, மொழி, கியூஆர் கோடு என்று கார்டுக்காகச் செய்ய வேண்டிய தேர்வுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில், முதல் பார்வைக்கு உகந்தது ஒன்றாகவும் இரண்டாம் தேடலுக்கு உகந்தது வேறொன்றாகவும் இருக்கின்றன. இரண்டும் மோதும் இடங்களில் நான் இரண்டாவதன் பக்கம் நிற்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குக் காரணமும் நான் பட்ட பாடுதான்.

தொழில் தொடங்கிய புதிதில் நானே வடிவமைத்துக்கொண்ட கார்டு இரு பக்கமும் கறுப்பு, அதன்மேல் பளபளக்கும் கிளாஸ் லேமினேஷன், அதாவது ஒட்டிய பிளாஸ்டிக் படலம். ஒரு கருத்தரங்கின் இடைவேளையில் அதை வாங்கிப் பார்த்த அம்மையார் ஒருவர், நன்றாக இருக்கிறது என்று மனமாரப் பாராட்டிவிட்டு, அடுத்த மாதம் இரண்டாம் வாரத்தில் என்னை அழைக்க வேண்டும் என்பதை அதிலேயே குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். பால்பாயின்ட் முனை வழுக்கிக்கொண்டு போனது. அழுத்தி எழுதியபோது கீறல் விழுந்ததே தவிர மை பிடிக்கவில்லை, பிடித்திருந்தாலும் கறுப்பின்மேல் நீலம் தெரிந்திருக்கப் போவதில்லை. கடைசியில் நிகழ்ச்சி நிரல் தாளின் ஓரத்தில் என் பெயரையும் எண்ணையும் குறிப்பையும் கையால் எழுதிக்கொண்டார். கார்டு அவர் கைப்பைக்குள் போயிற்று, அழைப்பு வரவேயில்லை. அந்த நிகழ்ச்சி நிரல் தாள் எந்தக் குப்பைக்கூடைக்குப் போயிற்றோ தெரியாது. அன்றிலிருந்து, கார்டின் மேற்பரப்பை முடிவு செய்வதற்கு முன் பேனாவைக் கையில் எடுத்துக்கொள்வதே என் வழக்கம்.

மேற்பரப்பில் எதிரெதிராக வைத்துப் பார்க்க வேண்டியவை நான்கு. பூச்சு இல்லாத தாளில் எந்தப் பேனாவும் எழுதும், விரலுக்குத் தாளின் சொரசொரப்பு தெரியும், விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்காது. ஆனால் மை தாளுக்குள் இறங்கிவிடுவதால் நிறங்கள் சற்று மங்கும், எழுத்தின் ஓரம் நுண்ணிய அளவில் பரவும், ஈரக் கை பட்டால் கறை நிற்கும். அச்சகங்களில் ஆர்ட் கார்டு என்று சொல்லப்படும் பூச்சுள்ள அட்டையில் நிறம் தெளிவாக நிற்கும். லேமினேஷன் செய்யாமல் விட்டால் பால்பாயின்ட் ஓரளவு எழுதும், ஜெல் பேனாவின் மை உலர்வதற்குள் விரலில் ஒட்டிவிடும், அடர்த்தியான நிறம் பணப்பையில் உரசி உரசி ஓரங்களில் வெளுக்கும். மேட் லேமினேஷன் பார்வைக்கு அடக்கமாகவும் தொடுவதற்கு மென்மையாகவும் இருக்கும், நெடுநாள் உழைக்கும், ஆனால் எழுத்து தட்டுத்தடுமாறியே விழும். அடர்நிறத்தின்மேல் இந்த லேமினேஷன் செய்தால் கைரேகைகள் எல்லாம் பதிவாகித் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிளாஸ் லேமினேஷன் புகைப்படத்துக்கு அழகு சேர்க்கும், தண்ணீரையும் தாங்கும். எழுதுவதற்கும், கேமராவில் படம் பிடிப்பதற்கும் அதைவிட மோசமான மேற்பரப்பு இல்லை, ஏனென்றால் மேலே எரியும் விளக்கு அப்படியே எண்ணின்மேல் வெள்ளைத் திட்டாக விழுகிறது.

இவற்றில் ஒன்றை மட்டும்தான் தேர்ந்தாக வேண்டும் என்பதில்லை. முன்பக்கம் மேட் லேமினேஷன், பின்பக்கம் வெறும் தாள் என்று கேட்டால் செய்து கொடுப்பார்கள். ஆனால் ஒரு பக்கம் பிளாஸ்டிக் படலமும் மறுபக்கம் திறந்த தாளும் இருக்கும்போது, திறந்த பக்கம் மட்டும் காற்றின் ஈரத்தை வாங்கி விரிவதால் கார்டு வில் போல வளையக்கூடும். தடித்த அட்டையில் இது குறையுமே தவிர அறவே நீங்காது. ஆகவே எழுதும் வசதி வேண்டும் என்பவருக்கு, இரு பக்கமும் பூச்சில்லாத நல்ல தாளை எடுத்துக்கொண்டு, அடர்நிறப் பின்னணியைத் தவிர்த்துவிடுவதே நான் சொல்லும் எளிய வழி. நாள் முழுவதும் எண்ணெயும் ஈரமும் புழங்கும் பட்டறைகளில், கட்டுமான இடங்களில், கடலோரத்தில் வேலை செய்பவர்களுக்குக் கார்டு கொடுப்பவர் மட்டும் இந்த ஆலோசனையைக் கேட்க வேண்டாம். அவர்களுக்கு லேமினேஷன் தேவைதான்.

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதே அது. 200-ஐ ஒட்டிய தாளில் அடித்த கார்டு துண்டறிக்கையிலிருந்து வெட்டி எடுத்தது போலத் துவளும். 300 முதல் 350 வரை பெரும்பாலான கார்டுகளுக்குப் போதும். அதற்கு மேலே 400, 600 என்று போகும்போது கையில் வாங்கும் நொடியில் ஒரு மதிப்பு தோன்றுவது உண்மை. ஆனால் கார்டு வைக்கும் உறையில் இருபது மெல்லிய கார்டுகள் நிற்கும் இடத்தில் பத்துதான் நிற்கும் என்பதால், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அது ஒரு தொந்தரவே. ஒரே ஜிஎஸ்எம் உள்ள இரண்டு தாள்களின் தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை: பூச்சில்லாத தாள் சற்று உப்பலாகவும், அழுத்திப் பூச்சிட்ட தாள் மெலிதாகவும் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மாதிரியைக் கையில் வளைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம். பிவிசி, உலோகம், மரப்பட்டை ஆகியவற்றில் செய்யும் கார்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவை நினைவில் நிற்கும், அவற்றின்மேல் எழுத முடியாது, செலவு காரணமாகக் கொடுப்பவரே கை தயங்குவார். கொடுக்கத் தயங்கும் கார்டு கார்டே இல்லை.

அளவைப் பொறுத்தவரை உலகம் ஒன்றுபடவில்லை. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 85 × 55 மில்லிமீட்டர், வட அமெரிக்காவில் மூன்றரைக்கு இரண்டு அங்குலம், அதாவது 88.9 × 50.8 மில்லிமீட்டர், ஜப்பானில் 91 × 55 மில்லிமீட்டர் என்று ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. வங்கி அட்டைகளுக்கு மட்டும் ஐஎஸ்ஓ 7810 என்ற உலகத் தரம் உண்டு; அதன்படி அவற்றின் அளவு 85.60 × 53.98 மில்லிமீட்டர். பணப்பைகளின் அறைகள் இந்த அளவை மனத்தில் வைத்தே தைக்கப்படுகின்றன என்பதால், 85 × 55 கார்டு வங்கி அட்டைக்குப் பக்கத்தில் இடைஞ்சல் இல்லாமல் உட்காரும். 91 மில்லிமீட்டர் நீளமுள்ளது ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு, ஓரம் மடங்கத் தொடங்கும். கார்டை வாங்கப்போகிறவர்கள் எந்த அளவு புழங்கும் இடத்தில் இருக்கிறார்களோ அந்த அளவை எடுப்பது நல்லது. பல நாட்டாரைச் சந்திப்பவர் வங்கி அட்டையின் அளவை ஒட்டி நின்றால் எங்கும் பொருந்தும்.

சதுரக் கார்டு, வட்டக் கார்டு, மூலைகளில் வெட்டு வைத்த கார்டு ஆகியவை கட்டுக்குள் இருந்து தனித்துத் தெரியும் என்பார்கள். பிறருடைய கார்டுகளோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைக்கும்போது அவை நழுவி விழுகின்றன, அல்லது சிறியதாக இருப்பதால் நடுவில் ஒளிந்துகொள்கின்றன. தனித்துத் தெரிவதற்காகச் செய்த காரியமே தனியாகத் தொலைந்துபோவதற்கு வழி செய்துவிடுகிறது. மடிப்புக் கார்டில் இடம் இரட்டிப்பாகும்; மருத்துவமனை நேர அட்டவணை, வகுப்பு நேரங்கள், அடுத்த சந்திப்புக்கான கட்டங்கள் என்று உள்ளே வைப்பதற்கு உண்மையிலேயே ஏதாவது இருந்தால் அதை எடுக்கலாம், இல்லையென்றால் திறக்கப்படாத கதவாகவே இருக்கும். நின்றவாக்கில் அமையும் கார்டு இரண்டு மூன்று சொற்களில் முடியும் பெயர்களுக்கு எடுப்பாக இருக்கும். 55 மில்லிமீட்டர் அகலத்தில் இருபுறமும் ஐந்து ஐந்து விட்டால் மிஞ்சுவது 45 என்பதால், தமிழில் நீளும் நிறுவனப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அதில் உடைந்து இரண்டாம் வரிக்குப் போகும். இரண்டு வரியாக உடைந்த மின்னஞ்சல் முகவரியைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்பவர் அரிது.

அடுத்தது என்ன எழுதுவது என்பது. எல்லாவற்றையும் எழுதிவிடுவது ஒரு வழி. பெயரும் எண்ணும் மட்டும் போட்டு மீதியை வெறுமையாக விடுவது மற்றொரு வழி. முதல் வழியில் மூன்று கைப்பேசி எண்கள், இரண்டு அலுவலக முகவரிகள், தொலைநகல், நான்கு சமூக வலைத்தளச் சின்னங்கள், செய்யும் சேவைகள் பதினொன்றின் பட்டியல் எல்லாம் ஏறிவிடும். வாங்குபவருக்கு எந்த எண்ணை அழைப்பது என்ற கேள்விதான் மிஞ்சும். இரண்டாம் வழி பெயரைச் சொன்னாலே ஊர் அறியும் என்ற நிலையில் இருப்பவருக்கு மட்டுமே சரிவரும். நான்கு மாதம் கழித்து இழுப்பறையிலிருந்து ஒரு பெயரும் ஒரு எண்ணும் மட்டும் கிடைத்தால், இவர் குழாய் வேலை செய்பவரா, வரி ஆலோசகரா என்று யாருக்கு நினைவிருக்கும்?

இரண்டுக்கும் நடுவே நான் வைக்கும் அளவுகோல் இது: பெயர், என்ன செய்து தருகிறார் என்பதற்கு ஒரு வரி, எடுத்துப் பேசப்போகும் ஒரே எண், ஒரு மின்னஞ்சல், ஒரு வலைமுகவரி, வாடிக்கையாளர் நேரில் வரும் தொழிலாக இருந்தால் மட்டும் முழு முகவரி. இதில் அந்த ஒரு வரிக்குத்தான் யோசிக்க வேண்டும். "நிர்வாக இயக்குநர்" என்ற பதவிப் பெயர் அலுவலகத்துக்குள் ஒருவருடைய இடத்தைச் சொல்கிறது. "பழைய வீடுகளின் நீர்க்கசிவைச் சரிசெய்கிறோம்" என்ற வரியோ அவரைத் தேடுபவரின் தேவையைச் சொல்கிறது. பெரிய நிறுவனத்தின் சார்பில் இன்னொரு பெரிய நிறுவனத்துக்குப் போகிறவருக்குப் பதவிதான் முக்கியம், ஏனென்றால் யாரிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறது என்பதை எதிர்த்தரப்பு அதிலிருந்தே கணிக்கிறது. தனியாகத் தொழில் செய்பவர் தனக்குத்தானே ஒரு பதவியைச் சூட்டிக்கொள்வதைவிடச் செய்யும் வேலையை எழுதுவதே பயன் தரும்.

எண்ணை எழுதும் முறையும் கவனிக்கத் தக்கது. பத்துப் பன்னிரண்டு இலக்கங்களைத் தொடர்ச்சியாக அடித்தால் படிப்பவர் நடுவில் ஒன்றைத் தவற விடுவார். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.123 பரிந்துரை, கூட்டல் குறியோடு நாட்டுக் குறியீட்டைத் தொடங்கி, இலக்கங்களைச் சிறு கூட்டங்களாக இடைவெளி விட்டு எழுதச் சொல்கிறது, அதையே பின்பற்றலாம். மின்னஞ்சல் முகவரிக்கு அலங்கார எழுத்துருவைத் தவிர்த்து, சுழியமும் ஓ எழுத்தும், ஒன்றும் சிறிய எல் எழுத்தும் வெவ்வேறாகத் தெரியும் எழுத்துருவை எடுக்க வேண்டும். முகவரியில் அடிக்கோடு ஒரு குறியாகவே வருமானால், அதன்கீழே இணைப்பைப் போலக் கோடு போடவே கூடாது. அந்தக் குறி அதில் மூழ்கிப்போகும்.

தமிழில் அச்சிடுவதா, ஆங்கிலத்தில் அச்சிடுவதா, இரண்டிலுமா என்ற கேள்வியில் பலர் மனத்தளவில் விரும்புவது ஒன்று, கடைசியில் அச்சுக்குப் போவது வேறொன்று. இரு மொழிகளையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த வரிகளில் போடும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் பாதியாகி, இரண்டுமே ஆறு புள்ளி (அச்சில் எழுத்தின் அளவைக் குறிக்கும் பாயின்ட் என்ற அலகு) எழுத்துக்குச் சுருங்கிவிடுகின்றன. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம் என்று பிரித்தால் இரண்டுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். அதற்கு விலையாக, எழுதிக்கொள்வதற்கான வெற்றுப் பின்பக்கத்தை இழக்கிறோம். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: பெயரும் செய்யும் வேலையும் தமிழில் பெரிதாக, அதே பெயர் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரியாகச் சிறிதாக, எண்ணும் மின்னஞ்சலும் எப்படியும் இரு மொழியாருக்கும் பொது. பின்பக்கம் காலியாகவே இருக்கும். தமிழ் படிக்கத் தெரியாதவர்களோடு பாதிக்கு மேல் பழகுபவர் இரு பக்க முறைக்கே போக வேண்டும். அவர் பின்பக்கத்தில் கால்வாசியையாவது எழுத விட்டுவைக்கலாம்.

தமிழ் எழுத்துக்கு என்று சில தனித் தேவைகள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்குப் பழகிய வடிவமைப்பாளர்கள் இவற்றில்தான் சறுக்குகிறார்கள். ஆறு புள்ளி அளவில் ஒரு மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அளவுக்கே இருக்கும். பூச்சில்லாத தாளில் மை பரவும்போது அது எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால் சுற்றியுள்ள மை நெருங்கி வந்து அதை மூடிவிடும். கண்ணன் என்ற பெயர் கணணன என்று படிக்கும்படி ஆகிவிட்ட கார்டைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். புள்ளியைச் சிறு வளையமாகக் காட்டும் எழுத்துருக்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். எட்டுப் புள்ளிக்குக் கீழே தமிழை இறக்காமலிருப்பதும், மெலிந்த எழுத்துருவைத் தவிர்ப்பதும், வெள்ளை எழுத்தைப் பெயரளவிலான பெரிய எழுத்துகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வதும் போதுமான காப்பு. மேலே இகரத்தின் வளைவும் கீழே உகரத்தின் வாலும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதும் என்ற வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல்வரியின் "து" கீழ்வரியின் "கி"யைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொரு பொறி கோப்பை அனுப்பும்போது காத்திருக்கிறது. யூனிகோடு தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத அமைப்பில் வடிவமைப்பு மென்பொருள் இருந்தால், "கொ" என்பதில் கொம்பு உயிர்மெய்க்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி எழுத்தை விட்டு விலகித் தனியாக மிதக்கும். பழைய குறியாக்கத்து எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்போ, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தவுடன் ஆங்கில எழுத்துகளின் குப்பையாக மாறிவிடும். எழுத்துகள் எல்லாவற்றையும் எழுத்துருவே தேவைப்படாத கோட்டுருவமாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகவே அனுப்பினால் இரண்டு சிக்கலும் தீர்ந்தன. மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது என்பதால், மாற்றாத கோப்பு ஒன்றையும் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கியூஆர் கோடு. 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக உருவாக்கிய இந்தக் கட்டம் இன்று கார்டுகளில் வழக்கமாகிவிட்டது. இதில் எடுக்க வேண்டிய முடிவு, கட்டத்துக்குள் தொடர்பு விவரங்கள் முழுவதையும் அடைப்பதா, ஒரு வலைமுகவரியை மட்டும் வைப்பதா என்பதே. முழு விவரமும் உள்ளே இருந்தால் இணையமே இல்லாத இடத்திலும் கைப்பேசி அதைப் படித்துத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிடும். யாருடைய வலைத்தளத்தையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளே போகும் எழுத்துகள் கூடக்கூட, கோடில் உள்ள சிறு கறுப்பு வெள்ளைக் கட்டங்களின் எண்ணிக்கை கூடி ஒவ்வொரு கட்டமும் சிறுத்துப்போகும். கோடின் ஒரு பகுதி சேதமானாலும் படிக்க உதவும் பிழைதிருத்தத்தை நடுத்தர அளவில் வைத்தால், 42 பைட்டுக்குள் (ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்) அடங்கும் சிறிய வலைமுகவரிக்கு 29 × 29 கட்டங்கள் போதும். பெயர், நிறுவனம், பதவி, எண், மின்னஞ்சல் எல்லாம் சேர்ந்து 200 பைட்டை நெருங்கினால் 57 × 57 கட்டங்கள் தேவைப்படும். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் விடுவது விதி. ஆக, 20 மில்லிமீட்டர் சதுரத்தில் முதலாவதன் ஒரு கட்டம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவும், இரண்டாவதன் கட்டம் 0.3 மில்லிமீட்டராகவும் வரும். மங்கிய வெளிச்சத்தில், பழைய கைப்பேசியில், லேசாகக் கசங்கிய கார்டில் இந்த வேறுபாடு தெரியவரும்.

தமிழில் விவரங்களை வைப்பவருக்கு இது இன்னும் இறுக்கம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் ஆகின்றன. உயிர்மெய்யின் துணைக்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். கிருஷ்ணமூர்த்தி என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினிக்குப் பதினைந்து குறிகள், 45 பைட்டுகள். மேலே சொன்ன 29 × 29 கியூஆர் கோடில் அந்தப் பெயர் ஒன்றுகூட முழுதாக அடங்காது. எண் மாறினாலும் வேலை மாறினாலும் அச்சான கட்டத்தை மாற்ற முடியாது என்ற குறையையும் இதனோடு சேர்த்துப் பார்க்கும்போது, வலைமுகவரியை வைப்பதே பெரும்பாலானோருக்குச் சரி என்று முடிவு செய்கிறேன். அந்தப் பக்கத்தில் தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், நாளைக்கே திருத்தவும் செய்யலாம்.

ஆனால் அந்த முகவரி சொந்தப் பெயரில் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். இலவசமாகவோ சந்தாவுக்கோ சுருக்கு முகவரி தரும் சேவையை நம்பி ஆயிரம் கார்டு அடித்தபின், அந்தச் சேவை மூடப்பட்டால் அல்லது சந்தா காலாவதியானால் ஆயிரம் கார்டுகளிலும் உள்ள கட்டம் ஒரே நாளில் வெறும் கோலமாகிவிடும். கட்டத்தின் நடுவே நிறுவனச் சின்னத்தை வைப்பது அழகுதான். அது மறைக்கும் பகுதியை ஈடுகட்ட 30 விழுக்காடு வரை சேதத்தைத் தாங்கும் உச்சப் பிழைதிருத்த அளவுக்குப் போக வேண்டும், போனால் கட்டங்கள் மறுபடியும் பெருகும். கறுப்பில் வெள்ளைக் கட்டமாகப் புரட்டி அடித்தால் சில செயலிகள் படிக்க மறுக்கும். தங்க ஃபாயிலில் கியூஆர் அடிக்கச் சொல்பவரிடம் மட்டும் வாதாடாமல், அடித்த மாதிரியை விளக்கடியில் வைத்து அவர் கைப்பேசியிலேயே படிக்கச் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே சிறு மின்சில்லு பதித்த என்எஃப்சி கார்டு இதற்கு மாற்றாகப் பேசப்படுகிறது. சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கைப்பேசியைக் கொண்டுபோனவுடன் பக்கம் திறப்பது கண்ணுக்கு வேடிக்கை. உள்ளிருக்கும் முகவரியைப் பிறகு மாற்றியெழுதவும் முடியும். ஆனால் ஒன்றின் அடக்கவிலை தாள் கார்டைவிடப் பன்மடங்கு என்பதால் யாருக்கும் அதைக் கொடுத்துவிட முடியாது. ஒரே கார்டை வைத்துக்கொண்டு எல்லோருடைய கைப்பேசியிலும் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். எதிரிலிருப்பவரிடம் எதுவும் மிஞ்சுவதில்லை, அவருடைய கைப்பேசியில் ஒரு வலைப்பக்கம் மட்டும் திறந்து கிடக்கும். கைப்பேசியை எடுத்து உடனே சேமிக்கும் பழக்கமுள்ள கூட்டத்தில் இது நன்றாக வேலை செய்கிறது என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் தாள் கார்டுக்குத் துணையாக இருக்கலாமே தவிர, அதன் இடத்தை இதற்குக் கொடுக்க மாட்டேன்.

ஸ்பாட் யூவி (குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பளபளப்புப் பூச்சு), எம்பாஸிங் (எழுத்தைப் புடைக்கச் செய்வது), ஃபாயில் (உலோகப் பளபளப்புத் தகட்டை ஒட்டுவது) ஆகிய அலங்காரங்களில் ஒன்று போதும், அதுவும் சின்னத்துக்கோ பெயருக்கோ மட்டும். எம்பாஸிங் செய்தால் பின்பக்கம் குழிந்து அங்கே அச்சிட்டதைக் கெடுக்கும் என்பதையும், சிறிய தமிழ் எழுத்துகளில் ஃபாயில் சுழிகளை அடைத்துவிடும் என்பதையும் நினைவில் வைத்தால் தேர்வு தானாகக் குறுகிவிடும்.

அச்சு முறையில் கணக்கு எளிது. ஆஃப்செட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு செய்து எந்திரத்தில் ஏற்ற வேண்டும். தொடக்கச் செலவு அதிகம், எண்ணிக்கை கூடக்கூட ஒரு கார்டின் செலவு சரியும், நிறுவனத்துக்கு உரிய நிறத்தைத் தனி மையாகவே ஏற்றலாம். டிஜிட்டல் அச்சில் தகடு இல்லை, நூறு கார்டு வேண்டுமென்றாலும் அடித்துக்கொள்ளலாம். ஆனால் ஆழமான சொரசொரப்புள்ள தாளில் டோனர் என்ற மைத்தூள் பள்ளங்களுக்குள் சரியாகப் படியாமல் எழுத்து புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும். முதன்முறை கார்டு அடிப்பவர் டிஜிட்டலில் நூறோ இருநூறோ அடித்து, கொடுத்து, பார்த்து, திருத்திக்கொண்ட பிறகு ஆஃப்செட்டுக்குப் போவதே மேல். ஆயிரமாக அடித்த கார்டில் ஓர் இலக்கம் தவறியிருந்தால் அதைப் பேனாவால் திருத்தித் திருத்திக் கொடுக்கும் அவலம் மிஞ்சும். எதில் அடித்தாலும் வெட்டும் இடத்துக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் நிறம் நீண்டிருக்க வேண்டும், எழுத்துகள் ஓரத்திலிருந்து நான்கைந்து மில்லிமீட்டராவது உள்ளே இருக்க வேண்டும், படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் இருக்க வேண்டும். சிறிய எழுத்துகளை நான்கு நிறக் கலவையில் அமைக்காமல் கறுப்பு மையில் மட்டும் அமைத்தால், தகடுகள் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தட்டாது.

திரையில் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் கொடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. சாதாரணத் தாளிலேயே உண்மை அளவில் அச்செடுத்து, வெட்டி, இரண்டு நாள் பணப்பையில் வைத்திருந்துவிட்டு, மாலை வெளிச்சத்தில் வெளியே எடுக்க வேண்டும். பிறகு, பக்கத்திலிருப்பதைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும் வயதிலுள்ள ஒருவரிடம், கண்ணாடியைத் தேடுவதற்கு முன்பே அதைக் கொடுத்து, எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். கையை நீட்டியும் மடக்கியும் பார்க்கிறார் என்றால் எழுத்தை ஒரு புள்ளி பெரிதாக்கி மறுபடியும் அச்செடுக்கலாம். தடங்கலில்லாமல் படித்து முடித்தார் என்றால் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம்.